மஸ்டாங்கின் பின் அச்சில் கியர் மாற்றம்: முதன்முறை செய்பவருக்கு

1989ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரை ஆசையோடு வாங்கி முதன்முதலாக ஓட்டுகிறவருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். ஏட்டில் 225 குதிரைத்திறன், 300 அடி-பவுண்டு முறுக்குவிசை. சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தாலோ வண்டி யோசித்து யோசித்து நகர்கிறது. என்ஜின் மேல் குறை சொல்ல முடியாது. பின் அச்சுக்குள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருக்கும் இரண்டு பல்சக்கரங்கள்தான் அதன் கையைக் கட்டி வைத்திருக்கின்றன. ஐந்து வேக மேனுவல் கியர்பெட்டியோடு வந்த பெரும்பாலான கார்களில் ஃபோர்டு 2.73 என்ற விகிதத்தைப் போட்டது. நெடுஞ்சாலையில் என்ஜின் மெதுவாகச் சுழலும், பெட்ரோல் மிச்சமாகும். கிளம்பும் துடிப்புதான் பலியாகும்.

இந்தக் காரில் செய்யக்கூடிய எல்லா மாற்றங்களிலும், செலவழித்த பணத்துக்கு ஓட்டுகிறவர் உடனே உணரும் மாற்றம் இந்தச் சக்கர ஜோடியை வேறு விகிதத்துக்கு மாற்றுவதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் என்ஜினைக் கழற்றி மாட்டியவர்கள்கூடப் பின் அச்சின் மூடியைத் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை, பட்டறைகளில் 'தௌ' என்கிறோமே அதை, நம்பிக்கையோடு அளக்கத் தெரிந்து, ஒரே பாகத்தை நான்கு ஐந்து முறை மாட்டிக் கழற்றப் பொறுமையும் இருந்தால் வீட்டுக் கராஜிலேயே இதை முடிக்கலாம். ஒரு முழு வார இறுதியை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எந்த விகிதம்?

கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு வரும் நீண்ட தண்டு டிரைவ் ஷாஃப்ட். அதோடு சேர்ந்து சுழலும் சிறிய சக்கரம் பினியன். பினியன் கடித்துத் திருப்பும் பெரிய சக்கரம் கிரவுன். அமெரிக்கக் கையேடுகளில் கிரவுனுக்கு ரிங் கியர் என்று பெயர்; பொருள் ஒன்றுதான். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். கிரவுனில் 41, பினியனில் 15 என்றால் 2.73. 39-க்கு 11 என்றால் 3.55. 41-க்கு 11 என்றால் 3.73. 41-க்கு 10 என்றால் 4.10.

2.73-ஐ எடுத்துவிட்டு 3.73 போட்டால், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை எல்லா கியரிலும் ஏறத்தாழ 37 சதவீதம் கூடுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. 225/60 ஆர்15 டயரில், என்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுழற்சியை எட்டும்போது கியரை மாற்றினால், முதல் கியர் முன்பு மணிக்கு 74 கிலோமீட்டர் வரை இழுத்தது. இப்போது 54-லேயே முடிந்துவிடும். நெடுஞ்சாலையிலும் என்ஜின் வேகமாகச் சுழலும். அதைக் கணக்கிட எளிய வாய்பாடு இருக்கிறது: மணிக்கு எத்தனை மைல் என்பதை அச்சு விகிதத்தாலும், கியர்பெட்டியின் கியர் விகிதத்தாலும், 336 என்ற எண்ணாலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். விட்டம் அங்குலத்தில் இருக்க வேண்டும். இந்தக் காரின் டி-5 கியர்பெட்டியில் ஐந்தாவது கியர் 0.68, டயரின் விட்டம் சுமார் 25.6 அங்குலம். மணிக்கு 70 மைல், அதாவது 113 கிலோமீட்டர் வேகத்தில் 2.73-க்கு 1,700 சுழற்சி, 3.55-க்கு 2,200, 3.73-க்கு 2,330, 4.10-க்கு 2,560. ஐந்தாவது கியர் இவ்வளவு தளர்வாக இருப்பதால்தான் மஸ்டாங்கில் 3.73 போட்டும் நெடுந்தூரம் நிம்மதியாகப் போக முடிகிறது.

தினமும் வேலைக்கு ஓட்டுகிற, என்ஜினில் கை வைக்காத காருக்கு நான் 3.55 அல்லது 3.73 என்றுதான் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் மனம் ஊசலாடினால் 3.73. டயரை அகலமும் உயரமுமாக மாற்றியவர்கள், கால் மைல் பந்தயப் பாதைக்கு அடிக்கடி போகிறவர்கள் 4.10 பற்றி யோசிக்கலாம். சூப்பர்சார்ஜர் வைத்த கார் வேறு கதை. அங்கே முறுக்குவிசைக்குப் பஞ்சமில்லை. உயர்ந்த விகிதம் டயரைத்தான் கரைக்கும். 3.27 அல்லது 3.55 போதும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேனுவலின் முதல் கியர் 3.35, ஏஓடி ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் 2.40. மேனுவல் காரில் பழைய 2.73-ஐ வைத்துப் பெருக்கினாலே 9.15 வருகிறது. ஆட்டோமேட்டிக்கில் 3.73 போட்ட பிறகும் 8.95-தான். டார்க் கன்வெர்ட்டர் கிளம்பும்போது கொஞ்சம் கைகொடுக்கும் என்றாலும், நண்பரின் மேனுவல் காரில் நன்றாக இருந்த விகிதத்தை அப்படியே ஆட்டோமேட்டிக்குக்கு எடுத்துக்கொள்வது தவறு. ஒரு படி மேலே போகலாம்.

உங்களிடம் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

1986 முதல் வி8 மஸ்டாங்குகளில் வந்தது 8.8 அங்குல அச்சு. கிரவுனின் விட்டத்தைக் கொண்டு வைத்த பெயர். நான்கு சிலிண்டர் கார்களில் வந்தது 7.5 அங்குலம். ஒன்றின் கியர் மற்றதில் சேராது. பின்மூடியின் போல்ட் ஒன்றில் சிறிய தகடு தொங்கும். அதில் 2 எல் 73 என்று இருந்தால், நடுவில் உள்ள எல் எழுத்து டிராக்ஷன்-லாக் டிஃபரன்ஷியல் இருப்பதைச் சொல்கிறது. திருப்பங்களில் இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃபரன்ஷியல்; ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழலாதபடி கிளட்ச் தட்டுகளால் பிடிப்பது டிராக்ஷன்-லாக். எல் இல்லையென்றால் அது சாதாரண டிஃபரன்ஷியல். முப்பது ஆண்டு ஓடிய காரில் இந்தத் தகட்டை மட்டும் நம்பாதீர்கள். யாராவது ஏற்கெனவே கியரை மாற்றிவிட்டுத் தகட்டை அப்படியே விட்டிருக்கலாம். மூடியைத் திறந்து பற்களை எண்ணினால் ஐயமே வராது.

8.8 அச்சில் ஒரு பெரிய வசதி உண்டு. இங்கே சொன்ன எல்லா விகிதங்களும் ஒரே கேரியரில், அதாவது கிரவுனைத் தாங்கிச் சுழலும் கூட்டில், உட்காரும். ஜெனரல் மோட்டார்ஸின் 12 போல்ட் அச்சு போன்றவற்றில் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் கேரியரையே மாற்ற வேண்டியிருக்கும்.

வாங்கும்போது கியர் ஜோடியை மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். பினியனின் இரண்டு பேரிங்குகள், கேரியரின் இரண்டு பேரிங்குகள், பினியன் சீல், பினியனின் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி அவற்றின் இறுக்கத்தை நிர்ணயிக்கும் ஸ்லீவ், புதிய பினியன் நட், புதிய கிரவுன் போல்ட்டுகள், ஷிம்கள் எனப்படும் மெல்லிய உலோக வளையங்கள், பற்களில் பூசும் மஞ்சள் பசை எல்லாம் அடங்கிய முழு கிட்டையே வாங்குங்கள். நசுங்கும் ஸ்லீவை மட்டும் இரண்டாக வாங்குங்கள். காரணம் பின்னால் வருகிறது. பந்தயத்துக்கென்றே 9310 உலோகக் கலவையில் செய்த கியர்கள் விற்கிறார்கள். அவை அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் மேற்பரப்பு மென்மையானது, சாலையில் தினமும் ஓட்டினால் விரைவில் தேய்ந்துவிடும். பெயரில் இருக்கும் கம்பீரத்துக்காக அதை வாங்க வேண்டாம்.

கருவிகளில் மூன்றுக்கு மாற்றே கிடையாது. காந்த அடித்தளம் உள்ள டயல் இண்டிகேட்டர், மைக்ரோமீட்டர், அங்குல-பவுண்டு காட்டும் டார்க் ரென்ச். மூன்றாவது, முள் நகரும் பழைய வகையாக இருக்க வேண்டும். குறித்த அளவில் 'டிக்' என்று ஒலிக்கும் வகை இந்த வேலைக்கு உதவாது, ஏனென்றால் பினியன் சுழன்றுகொண்டிருக்கும்போது முள் காட்டுவதை நாம் படிக்க வேண்டும். பேரிங்கை அழுத்தி ஏற்ற, இழுத்துக் கழற்ற வசதி இல்லையென்றால் அதை மட்டும் அருகிலுள்ள பட்டறையில் செய்துகொள்ளலாம்.

கழற்றுவது

காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட்டும் பினியன் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்ட பிறகே அதன் நான்கு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பின் மூடியின் பத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியின் கீழ் விளிம்பை நெம்பினால் எண்ணெய் வழியும். கீழே வடிகால் திருகு கிடையாது. இதுதான் ஒரே வழி. அந்தக் கறுத்த எண்ணெயின் வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகாது.

பிரிக்கும் முன்பே பழைய கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை டயல் இண்டிகேட்டரால் அளந்து எழுதி வையுங்கள். பின்னால் ஐயம் வரும்போது இந்த ஒற்றை எண் துணைக்கு நிற்கும்.

கேரியரின் குறுக்கே ஒரு தடித்த எஃகு முளை இருக்கும். அதைப் பிடித்திருப்பது மெல்லிய பூட்டுப் போல்ட். இந்த அச்சிலேயே மிகவும் வஞ்சகமான பாகம் அதுதான். உள்ளே பசை காய்ந்து இறுகியிருக்கும். அவசரப்பட்டால் தலை அறுந்து, பாதி உள்ளேயே தங்கிவிடும். ஆறு முனை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். கொஞ்சம் சூடாக்கி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுங்கள். முளை வெளியே வந்ததும், பிரேக் டிரம்முகளை எடுத்துவிட்டு, அச்சுத் தண்டுகளை உள்ளே தள்ளினால் சி வடிவக் கிளிப்புகள் விழும். தண்டை வெளியே இழுக்கும்போது அதன் எடை சீலின் மேல் உட்காராதபடி தூக்கிப் பிடியுங்கள்.

பேரிங் மூடிகளில் இடது, வலது, மேல், கீழ் எல்லாவற்றையும் கூர்முனை உளியால் (பஞ்ச்) குத்தி அடையாளமிடுங்கள். அவை அந்த ஹவுசிங்கோடு, அதாவது அச்சின் வெளிக்கூட்டோடு, சேர்த்துக் கடையப்பட்டவை. இடம் மாறினால் பேரிங் சரியாக உட்காராது. கேரியரை நெம்பும்போது அது திடீரென்று எகிறி வரும், கனமும் அதிகம். மூடிகளை இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்திருக்கும்படி தளர்வாக விட்டுவிட்டு நெம்பினால் காலில் விழாது. இரண்டு பக்கத்து ஷிம்களையும் தனித்தனிப் பைகளில் பக்கம் குறித்துப் போடுங்கள். பிறகு பினியன் நட். நட்டைக் கழற்றி, அதைத் தலைகீழாக நான்கு மரை ஏற்றிவிட்டு, பித்தளைச் சுத்தியலால் தட்டினால் மரை கெடாமல் பினியன் உள்ளே இறங்கும்.

நான்கு அளவுகள்

இனி வருவதுதான் வேலையின் உயிர். பினியனின் ஆழம், பினியன் பேரிங்கின் இறுக்கம், கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள இடைவெளி, கேரியர் பேரிங்கின் இறுக்கம். ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் அசையும்.

பினியனின் ஆழத்தை நிர்ணயிப்பது அதன் தலைக்கும் உட்புற பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் ஷிம். பழைய பினியனிலிருந்து எடுத்த ஷிம்மை மைக்ரோமீட்டரால் அளந்து, அதே தடிமனில் தொடங்குங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தௌ வித்தியாசத்தில் சரியாகிவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் பேரிங்கை அழுத்தி ஏற்றி, இழுத்துக் கழற்றினால் புதிய பேரிங் பாழாகும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய பேரிங்கின் உள்வளையத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கையாலேயே ஏறி இறங்கும்படி ஆக்கிக்கொள்ளுங்கள். சோதனைக்கு அது, இறுதியில் புதியது. இதற்குச் செலவாகும் இருபது நிமிடம் பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கிரவுனைக் கேரியரில் ஏற்றும் முன் இரண்டு முகங்களையும் மெல்லிய அரத்தால் தடவி, துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை எடுங்கள். போல்ட்டுகளில் சிவப்புப் பூட்டுப் பசை விட்டு, எதிரெதிராக, படிப்படியாக 70 முதல் 85 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். நியூட்டன் மீட்டரில் 95 முதல் 115. பேரிங் மூடிகளுக்கும் இதே அளவுதான்.

சோதனைக்கு நசுங்கும் ஸ்லீவ் இல்லாமல் பினியனை மாட்டுங்கள். நட்டைக் கவனமாக, பினியன் ஆட்டமின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கேரியரைப் பழைய ஷிம்களோடு உட்காரவைத்து, டயல் இண்டிகேட்டரின் முனையைக் கிரவுனின் ஒரு பல்லில் நேராகப் பதியவையுங்கள். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டினால் முள் காட்டுவதுதான் இடைவெளி. 0.008 முதல் 0.012 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர். புதிய கியர் வந்த அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிரவுனைச் சுற்றி நான்கு இடங்களில் அளங்கள். இடத்துக்கு இடம் 0.004 அங்குலத்துக்கு மேல் மாறினால், கிரவுனுக்கு அடியில் தூசோ பிசிறோ மாட்டியிருக்கிறது என்று பொருள்.

இடைவெளி அதிகமென்றால் கிரவுன் பக்கத்து ஷிம்மைத் தடிமனாக்கி, மறுபக்கத்தில் அதே அளவைக் குறையுங்கள், பற்கள் நெருங்கும். குறைவென்றால் இதற்கு நேர்மாறு. 10 தௌ நகர்த்தினால் இடைவெளி ஏறத்தாழ 7 தௌ மாறும். இடைவெளி சரியானதும் இரண்டு பக்கமும் 6 தௌ கூட்டினால் கேரியர் பேரிங்குக்கு வேண்டிய இறுக்கம் கிடைத்துவிடும். கடைசி ஷிம்மைத் தட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். ஃபோர்டு போட்ட வார்ப்பிரும்பு ஷிம்மைத் தட்டினால் உடையும். அந்த இடத்தில் எஃகு ஷிம்மைப் பயன்படுத்துங்கள்.

மஞ்சள் பசை சொல்வதைக் கேளுங்கள்

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் கியர் ஊளையிடலாம். இறுதித் தீர்ப்பு பசையின் கையில் இருக்கிறது. கிரவுனின் மூன்று நான்கு பற்களில் இரு பக்கமும் மஞ்சள் பசையைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு கையால் துணியை வைத்துக் கிரவுனை அழுத்தித் தடை கொடுத்துக்கொண்டே, மற்றொரு கையால் பினியன் நட்டை ரென்ச்சால் திருப்புங்கள். பூசிய பற்கள் பினியனைத் தாண்டி வந்ததும் விளக்கை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பினியன் தொட்ட இடத்தில் பசை விலகி, மஞ்சளுக்கு நடுவே எஃகு நீள்வட்டமாகப் பளிச்சிடும். அதன் விளிம்பில் பசை சிறு கரையாக ஒதுங்கியிருக்கும்.

அந்த நீள்வட்டம் பல்லின் உயரத்தில் நடுவே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல்லின் நுனியை ஒட்டியிருந்தால் பினியன் விலகி நிற்கிறது. தடித்த ஷிம் போட்டு அதைக் கிரவுனை நோக்கி நகர்த்த வேண்டும். பல்லின் அடியில் புதைந்திருந்தால் பினியன் மிக நெருங்கிவிட்டது. மெல்லிய ஷிம் வேண்டும். நீளவாக்கில் தடம் உள்முனைக்கோ வெளிமுனைக்கோ கொஞ்சம் சாய்ந்திருந்தால் கலங்க வேண்டாம். சுமை ஏறும்போது அது வெளிமுனையை நோக்கிப் பரவும். உயரத்தில் தவறு இருந்தால் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். பல்லின் இரண்டு முகங்களையும் பாருங்கள்: முடுக்கும்போது அழுந்துவது குவிந்த முகம், காலை எடுக்கும்போது அழுந்துவது குழிந்த முகம். ஒரு முகத்தில் நுனி, மறு முகத்தில் அடி என்று தடம் இருந்தால் ஆழத்தைத் தொடுவதற்கு முன் இடைவெளியை மறுபடி அளங்கள்.

ஒவ்வொரு தடத்தையும் படமெடுத்து, எந்த ஷிம்மில் எடுத்தது என்று எழுதி வையுங்கள். மூன்றாவது முயற்சியில் கண் களைத்துப்போய் எல்லாத் தடமும் ஒன்றுபோலத் தெரியும். அப்போது வேலையை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை வந்து பார்ப்பது நல்லது.

ஸ்லீவை நசுக்குவது

தடம் பிடித்துவிட்டதா? இப்போது புதிய பேரிங், புதிய ஸ்லீவ், சீல், மரையில் பசை விட்ட புதிய நட். ஃபிளேஞ்சை நீண்ட கம்பியால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே 140 அடி-பவுண்டுக்கு மேல் வேண்டும். பல நேரம் 200-ஐயும் தாண்டும். நீண்ட பிரேக்கர் பார் இல்லாமல் நடக்காது. நீண்ட நேரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும், பினியன் முன்னும் பின்னும் லேசாக ஆடும். பிறகு ஆட்டம் நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து, நட்டைக் கடிகார முள்ளின் ஐந்து நிமிட நகர்வைவிடக் குறைவாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அங்குல-பவுண்டு ரென்ச்சை மாட்டிப் பினியனைச் சுழற்றிப் படியுங்கள். புதிய பேரிங்குக்கு 16 முதல் 29 அங்குல-பவுண்டு, அதாவது 1.8 முதல் 3.3 நியூட்டன் மீட்டர். இந்த அளவை எடுக்கும்போது கேரியர் உள்ளே இருக்கக் கூடாது.

முதன்முறை நான் இதைச் செய்தபோது முள் 10-ஐக் காட்டியது. இன்னும் கொஞ்சம் என்று ஒரு முறை பலமாக இழுத்தேன். அடுத்த அளவு 40. நட்டைத் தளர்த்தி 25-க்குக் கொண்டுவரலாம் என்று தோன்றும். அது கூடவே கூடாது. நசுங்கிய ஸ்லீவ் மறுபடி நிமிராது. தளர்த்திய நட் பேரிங்கைப் பிடித்துவைக்காது. எல்லாவற்றையும் பிரித்து இரண்டாவது ஸ்லீவை மாட்டினேன். அதனால்தான் இரண்டு வாங்கச் சொன்னேன்.

மூடுவதும் ஓட்டுவதும்

கேரியரை ஏற்றி, இடைவெளியையும் தடத்தையும் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, தண்டுகள், சி கிளிப்புகள், குறுக்கு முளை, புதிய பூட்டுப் போல்ட் என்று மாட்டுங்கள். டிராக்ஷன்-லாக்கின் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருந்தால், கேரியர் வெளியே இருக்கும்போதே மாற்றியிருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். மூடியின் முகத்தைப் பழைய பசை ஒரு பொட்டும் இல்லாமல் சுரண்டி, புதிய சிலிக்கான் பசை இட்டு, அது இறுகும் வரை காத்திருந்து எண்ணெய் ஊற்றுங்கள். ஏறத்தாழ 1.8 லிட்டர் பிடிக்கும். டிராக்ஷன்-லாக் என்றால் 4 அவுன்ஸ், அதாவது 118 மில்லிலிட்டர் உராய்வு மாற்றி (ஃப்ரிக்ஷன் மாடிஃபையர்) என்ற திரவமும் எண்ணெயோடு சேர வேண்டும். இல்லையென்றால் திருப்பங்களில் கிளட்ச் தட்டுகள் அதிர்ந்து முனகும்.

விகிதம் மாறியதால் வேகமானி இப்போது உண்மை வேகத்தைவிட அதிகம் காட்டும். இந்த ஆண்டு மஸ்டாங்கில் அதைக் கியர்பெட்டியின் பின்பகுதியில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று இயக்குகிறது. உள்ளே இருக்கும் ஓட்டும் சக்கரத்துக்கு 7 பல் என்றால், 3.73-க்கும் இந்த டயருக்கும் 21 பல் சக்கரம் பொருந்தும். 8 பல் என்றால் கணக்கு மாறும். வாங்குவதற்கு முன் எண்ணிப் பாருங்கள்.

முதல் நாள் பதினைந்து இருபது நிமிடம் மிதமாக ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி அச்சு முழுவதும் ஆறும் வரை காத்திருங்கள். நிறுத்தியதும் கையால் தொட்டுப் பார்த்தால் ஹவுசிங் நன்றாகச் சூடாகியிருக்கும். புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது அப்படித்தான் இருக்கும். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டர் வரை முழு முடுக்கம் வேண்டாம், டிரெய்லர் இழுப்பது கூடாது. பிறகு மூடியைத் திறந்து எண்ணெயை மாற்றுங்கள். எண்ணெயில் வெள்ளி மினுமினுப்பாக மெல்லிய சாம்பல் நிறப் பொடி கலந்திருப்பது இயல்பு. விரல்களுக்கு நடுவே நெருடும் அளவுக்குச் செதில் வந்தால் எண்ணெய் ஊற்றி மூடிவிடாதீர்கள். மஞ்சள் பசையை எடுத்து, பற்களை மறுபடி பாருங்கள்.